பதினான்காம் எண் வீடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் நலம். உன் நலத்தை உன் கையெழுத்தில் பார்த்த பிறகே உறுதி என்று எடுத்துக்கொள்வேன். நீ அனுப்பிய படிவம் வந்து இன்றோடு பதினொரு நாள். சர்வதேச உறவுகளையும் புவியியலையும் இரண்டாம் ஆண்டிலும் சேர்த்தே படிக்க விரும்புவதாகவும், பெற்றோர் கையொப்பத்துடன் இருபதாம் தேதிக்குள் படிவம் வந்துசேர வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். புவியியல் மட்டும் போதும், அதில் அளவு இருக்கிறது, மற்றது வெறும் பேச்சு என்று நான் தொலைபேசியில் சொன்னேன். அதற்குப் பிறகு நீ என்னை அழைக்கவில்லை என்பதை அம்மா நாள் தவறாமல் நினைவூட்டுகிறாள்.

இதற்கிடையில், மழையில் நமக்கும் பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கும் பொதுவான சுவர் சரிந்துவிட்டது. திரும்பக் கட்ட, இரு வீட்டாரும் கையொப்பமிட்ட வரைபடம் வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளாக நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன் இருக்கையில் வெளியாள் எதற்கு என்று நானே மும்முறை அளந்தேன். நாடாவின் மறுமுனையில் தம்பி கொட்டாவி விட்டபடி நின்றான். விண்ணப்பதாரர் வீட்டை முழுமையாகக் காட்ட வேண்டும், அடுத்த மனைக்கு எண் போதும் என்பது அலுவலக விதி. அதன்படி நம் வீட்டைக் கொல்லைக் குழாய் வரை வரைந்து, அவர் பக்கத்தை வெள்ளையாக விட்டு, 14 என்று மட்டும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். கோடெல்லாம் சரிதான் சார், உங்க குழாய்க்குக்கூட இடம் இருக்கு, எங்களைத்தான் காணோம், பதினெட்டு வருஷமா உங்க சட்டையைத் தைக்கிறவன் உங்களுக்கு வெறும் நம்பரா என்று கேட்டார். விதியை விளக்கினேன். அப்ப அந்த விதியையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க என்று தையல் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கிவிட்டார். நான்கு நாள்கள், நடுவே சுவரும் இல்லாமல், இருவரும் எதிரெதிரே நின்று பல் துலக்கினோம். முகத்தை மட்டும் ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டோம்.

அம்மாவுக்குச் சிரிப்பு. வரையறவங்க தன் வீட்டைத்தான் நடுவுல வைப்பாங்க, பாதிச் சண்டை அங்கதான் ஆரம்பிக்குதுன்னு உங்க பொண்ணு போன லீவுல சொன்னாளே, காதுல வாங்கினீங்களா என்றாள். நீ அன்று நாடுகளைப் பற்றிப் பேசினாய். நான் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மறுநாள் புதிதாக வரைந்தேன். நடுவில் சுவர், இப்புறம் நாம், அப்புறம் அவருடைய தையலறையும் அவர் மனைவியின் ஐந்து ரோஜாத் தொட்டிகளும். ஆறு என்று திருத்திவிட்டுக் கையொப்பமிட்டார். முதல் படத்திலும் என் அளவில் பிழை இல்லை, மகளே. அளவு மட்டும் போதும் என்று இனி உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்?

வேளைக்குச் சாப்பிடு. கண் எரியும் வரை படிக்காதே. எல்லா நலமும் பெற்று நீடு வாழ்க. படிவத்தில் கையொப்பமிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். புவியியல் மட்டும் என்ற கட்டத்தில் நான் பென்சிலால் இட்டிருந்த குறியை அழித்துவிட்டேன், தடம் சற்றுத் தெரியும், பொறுத்துக்கொள். எந்தக் கட்டம் என்பதை நீயே பேனாவால் குறித்து, இருபதாம் தேதிக்கு முன்பே கொடுத்துவிடு. கொடுத்ததும் அழைத்துச் சொல்.

இப்படிக்கு,
பதினான்காம் எண் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரனான
உன் அப்பா