வாடிக்கையாளர் ஒருவரின் போன் நம்பர்

மார்ச் 3, திங்கள்

காலையில் எல்லோரையும் மாடி ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். யாருக்கோ பிறந்தநாள், கேக் இருக்கும் என்று நம்பிப் போனேன். சர்வீஸ் பிரிவை மூடுகிறார்களாம். இனிமேல் ரிப்பேர் வேலையெல்லாம் வெளி ஏஜென்சிக்கு. எங்கள் ஆறு பேருக்கும் இந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. இதைச் சொல்லி முடிக்கும் வரை மேனேஜர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை, சுவரில் இருந்த ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு வருடம். ஹோட்டல், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், சலவைக்கடை என்று ஆள் உயர வாஷிங் மெஷின் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். பேப்பரைப் புரட்டினால் மெக்கானிக்கல் இன்ஜினியர் தேவை என்று ஒரு விளம்பரம்கூட இல்லை. இருப்பதெல்லாம் சேல்ஸ்.

சரி, சேல்ஸுக்கே போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். இவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீ சாமான் வாங்கப் போனாலே கடைக்காரன் நடுங்குறான். விக்க வேற போகப் போறியா?"

தாலி கட்டியவர் தருகிற ஊக்கம் இது. நல்லா இருக்கட்டும்.

மார்ச் 5, புதன்

தம்பி விளம்பரக் கம்பெனியில் எழுதிப் பிழைக்கிறவன். என் பயோடேட்டாவை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது பயோடேட்டாவா, ஸ்பேர் பார்ட்ஸ் லிஸ்ட்டா?" என்றான். அப்புறம் அவனே உட்கார்ந்து மாற்றினான்.

நான் எழுதியது: டிரம் பேரிங் மாற்றுதல். அவன் எழுதியது: வாடிக்கையாளரின் தொழில் தடையின்றி நடக்கத் தோள் கொடுத்தல்.

பிளக்கைச் சொருகாமலே மெஷின் ஓடவில்லை என்று போன் செய்தார்களே ஒரு ஹாஸ்டலில், அந்தக் கதையை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதுவும் ஏறிவிட்டது. 'சிக்கலான சூழல்களில் எளிய தீர்வு காணும் ஆற்றல்.'

முழுக்கப் படித்தேன். இவ்வளவு நல்ல பெண்ணை நான் இதுவரை பார்த்ததே இல்லை. 'தனிப்பட்ட வளர்ச்சி' என்ற தலைப்பின் கீழ் மட்டும் காலியாக விட்டிருந்தான்.

"அதை நீதான் சொல்லணும்க்கா."

"எனக்கு வளர்ச்சியெல்லாம் பத்தாம் கிளாஸோட நின்னுபோச்சுடா."

மார்ச் 10, திங்கள்

முதல் இன்டர்வியூ. எதிரே மூன்று பேர். அறை மூலையில் குடிதண்ணீர் ஃபில்டர் ஒன்று இருந்தது. "இதை எங்களுக்கு வித்துக் காட்டுங்க" என்றார்கள்.

எழுந்து பக்கத்தில் போனேன். பழக்கதோஷம், கை தானாக மூடியைத் திறந்தது. உள்ளே கார்ட்ரிட்ஜ் காப்பிக் கலரில் இருந்தது. கடைசியாக மாற்றிய தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது.

"முதல்ல யாரும் இதுல குடிக்காதீங்க" என்றேன்.

மூன்று பேரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள். ஒருவர் வயிற்றைத் தடவிக்கொண்டு வெளியே போனார். அவர் திரும்பி வருவதற்குள் இன்டர்வியூ முடிந்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

கிடைக்கவில்லை. ஃபில்டரை மாற்றியிருப்பார்கள், அது போதும்.

மார்ச் 13, வியாழன்

இரண்டாவது இடம். பளபளவென்று ஆபீஸ், பளபளவென்று ஒரு இளைஞர்.

"கடந்த அஞ்சு வருஷத்துல நீங்க எப்படி வளர்ந்திருக்கீங்க?"

"நாலு புது மாடல் மெஷின் கத்துக்கிட்டேன்."

"அது வேலை. நான் கேக்கிறது, ஒரு மனுஷியா."

மனுஷியாக நான் என்ன செய்தேன்? யோசித்து யோசித்து, "முன்னைக்கு இப்போ கோபம் குறைஞ்சிருக்கு" என்றேன்.

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"எதை வெச்சுன்னா? குறைஞ்சிருக்குன்னா குறைஞ்சிருக்குங்க!"

வரவேற்பில் இருந்த பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவ்வளவு சத்தமாகவா பேசினேன்?

மார்ச் 17, திங்கள்

மூன்றாவது. சின்னக் கம்பெனி, மூன்றாவது மாடி, படியெல்லாம் அட்டைப்பெட்டி. எங்கள் மாதிரியே பெரிய சலவை மெஷின்களை விற்கிறவர்கள். விற்பனைத் தலைவி அறுபதை நெருங்கும் ஒரு அம்மா. நல்ல புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

தம்பி எழுதிய அலங்காரத்தை எல்லாம் புரட்டித் தள்ளிவிட்டு, "பேரிங் எதனால சீக்கிரம் போகுது?" என்று கேட்டார். இருபது நிமிடம் பேசினேன். அவர் குறித்துக்கொண்டார்! பதினோரு வருடத்தில் நான் சொன்னதை ஒருவர் குறித்துக்கொள்வது இதுதான் முதல் தடவை.

அப்புறம் பேனாவை மூடினார்.

"மெஷின் தெரியுது உங்களுக்கு. மனுஷங்களைத் தெரியுமான்னு நான் பாக்கணும். ஒரு வாடிக்கையாளரோட நம்பர் குடுங்க. மேனேஜர் வேண்டாம், கூட வேலை பாத்தவங்க வேண்டாம். நீங்க ரிப்பேர் பாத்த இடத்துல இருந்து யாராவது ஒருத்தர். நான் பேசிக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தாப் போதும்."

"ஒண்ணு போதுமா மேடம்?" என்று பெருமையாகக் கேட்டுவிட்டு வந்தேன். வாய்க்கொழுப்பு.

மார்ச் 18, செவ்வாய்

பழைய டைரிகள், ஜாப் கார்டுகள் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். ஆஸ்பத்திரி, நாற்பது கிலோ மெஷின், கதவு ரப்பர். நினைவிருக்கிறது. அங்கே என்னோடு பேசியவர் ஆணா பெண்ணா? தெரியாது. ஹோட்டல், வடிகால் வால்வு, உள்ளே ஒரு குழந்தை சாக்ஸ் சிக்கியிருந்தது. சாக்ஸின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது, மஞ்சள். எனக்கு மூன்று மணி நேரம் டார்ச் பிடித்தவர் யார்? தெரியாது.

கூச்சத்தை விட்டு இரண்டு இடத்துக்குப் போன் போட்டேன். ஒருவர், "தண்ணி கேனா? ரெண்டு போடுங்க" என்றார். இன்னொருவர் நான் யாரென்று மூன்று முறை கேட்டுவிட்டு, மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்.

பதினோரு வருடமும் மெஷினோடு மட்டும்தான் பேசியிருக்கிறேனா?

என்னை மறக்கவே முடியாத வாடிக்கையாளர் ஒருத்தர் இருக்கிறார். அந்தச் சலவைக்கடைக்கார அக்கா. ஐயோ, வேண்டாம்.

மார்ச் 19, புதன்

எழுதிவிடுகிறேன். இதுவரை இவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

இரண்டு வருடம் முன்பு. அந்தக் கடையில் மெஷின் நுரை கக்குகிறது என்று வாராவாரம் கூப்பிட்டார்கள். சோப்புத் திரவத்தை அளந்து விடுவதற்கு மெஷினிலேயே ஒரு சின்னப் பம்பு உண்டு. அது போதாதென்று இவர்கள் கையாலும் ஊற்றுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். மூன்றாவது முறை போனபோது முழங்கால் வரை நுரை. பொறுமை போய்விட்டது. வேலைக்காரர்கள் அத்தனை பேரும் நிற்கும்போது கத்தினேன். "நீங்க சோப்பை ஊத்தி ஊத்திக் கொட்டுவீங்க, நான் வந்து வந்து வழிக்கணுமா? அறிவு வேண்டாம்?" என்று, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரைப் பார்த்து.

மறுநாள் கம்பெனிக்குப் புகார்க் கடிதம் வந்தது. நான் விளக்கம் எழுதினேன், சோப்பு அதிகம், தவறு வாடிக்கையாளருடையது என்று. மேனேஜர் என் பக்கம்தான் நின்றார்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. குறிப்பிட்ட சில பம்புகளில் சீல் சரியில்லை, நின்ற பிறகும் சோப்பு கசிகிறது, மாற்றிவிடவும். கீழே பட்டியலில் அந்தக் கடை மெஷினின் நம்பரும் இருந்தது.

நான் என்ன செய்தேன்? வழக்கமான சர்வீஸுக்குப் போகிற மாதிரி போய்ப் பம்பை மாற்றினேன். கார்டில் 'பொதுப் பராமரிப்பு' என்று எழுதினேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னா என்ன, தலையா போயிருக்கும்? எப்போப் பாரு நான் சொன்னதுதான் சரின்னு நிக்கணும் எனக்கு. சீ.

மார்ச் 20, வியாழன்

போனேன்.

தம்பி போனிலேயே பாடம் எடுத்திருந்தான். சிரிச்ச முகமா போ, நலம் விசாரி, அப்புறம் மெதுவா நம்பர் விஷயத்துக்கு வா. கதவைத் தள்ளும்போதே எல்லாம் மறந்துவிட்டது. அக்கா போர்வை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க இன்ஜினியரம்மா. நாங்க கூப்பிடவே இல்லையே."

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். பம்பு, சீல், சுற்றறிக்கை, பொதுப் பராமரிப்பு. மன்னிச்சிடுங்க என்பதை முதலில் சொல்ல நினைத்தேன், அது கடைசியில்தான் வந்தது.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. நாலாவது போர்வையில் நிறுத்தினார்.

"அப்போ சோப்பை யாருமே ஊத்தலையா?"

"இல்லக்கா."

"அன்னிக்கு மெஷின்ல நின்னது யாரு தெரியுமா? என் நாத்தனார். நீ கத்திட்டுப் போன கையோட நான் அவளைப் பிடிச்சுக்கிட்டேன். நான் ஊத்தலை அண்ணின்னு சத்தியம் பண்ணினா. படிச்சவ பொய் சொல்லுவாளா, நீதான் பொய் சொல்றேன்னேன். அன்னிக்கு இறங்கிப் போனவதான். ரெண்டு தெரு தள்ளித் தையல் கடை போட்டிருக்கா. ரெண்டு வருஷமாப் பேச்சில்ல."



"போய்ச் சொல்லலாமே அக்கா" என்றேன், அசடு மாதிரி.

"என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?"

அப்புறம் எதற்கு வந்தாய் என்று கேட்டார். வந்த காரணத்தையும் சொல்லித் தொலைத்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்பர்தானே? குடு, குடு. கேக்கட்டும். எனக்கும் சொல்றதுக்கு நிறைய இருக்கு."

மார்ச் 21, வெள்ளி

கேன்வாஸ் ஷூ அம்மாவுக்கு நம்பர் அனுப்பினேன். கூடவே, "இவர் என்னைத் திட்டுவார், திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது" என்றும் எழுதினேன்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, உனக்குச் சேல்ஸ்னா என்னன்னாவது தெரியுமா?"

மார்ச் 25, செவ்வாய்

போன் இல்லை. ஆபீஸில் டூல் பெட்டியை ஒப்படைத்தேன். ஒரு ஸ்பேனர் குறைகிறதாம், பதினோரு வருடத்தில் ஒன்றுதான் குறைகிறது என்று யாரும் பாராட்டவில்லை.

மார்ச் 27, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

பால் வாங்கிக்கொண்டு வரும்போது போன் வந்தது. கேன்வாஸ் ஷூ அம்மாவே பேசினார்.

"உங்க சலவைக்கடை அம்மா நாப்பது நிமிஷம் பேசினாங்க. அதுல முப்பது நிமிஷம் உங்களைத்தான் திட்டினாங்க."

"மிச்சம் பத்து நிமிஷம் மேடம்?"

"பம்பு விஷயத்தை நீங்களா வந்து சொல்லலேன்னா அவங்களுக்குச் சாகுற வரைக்கும் தெரிஞ்சிருக்காதாம். எப்படியாவது வேலையைக் குடுத்துடுங்க, இல்லேன்னா மறுபடியும் டூல் பெட்டியைத் தூக்கிக்கிட்டு என் கடைக்கே வந்து நிப்பான்னாங்க."

ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். "ஏப்ரல் ஒண்ணா? நல்லாக் கேட்டியா? விளையாடுறாங்களோ என்னவோ" என்று இவர் மூன்று முறை கேட்டார். ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்ததும் அவர்தான்.

எல்லாம் சரி. சாப்பிட உட்கார்ந்தால் அந்தத் தையல் கடைதான் ஞாபகம் வருகிறது. எனக்கு வேலை கிடைத்தாயிற்று, அங்கே இன்னும் பேச்சில்லை.

மார்ச் 29, சனி

தையல் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஒரே ஒரு மெஷின், சுவர் முழுக்க நூல்கண்டு. கழுத்தில் டேப் போட்ட அம்மா நிமிர்ந்து பார்க்காமலே, "தைக்கவா, ஆல்டரேஷனா?" என்றார்.

ரெண்டும் இல்லீங்க என்று சொல்லி, நான் யார் என்று சொன்னேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. சோப்பை நீங்கள் ஊற்றவில்லை, பம்பில்தான் கோளாறு, எனக்கு ஒன்றரை வருடமாகத் தெரியும், சொல்லவில்லை என்றேன். மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

அப்புறம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நீயெல்லாம் படிச்சவதானே? உன் வாயால என் பொழைப்பு போச்சே, தெரியுமா உனக்கு?" இன்னும் என்னென்னவோ. பக்கத்துக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டார்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒன்பது நாள் ஆச்சு."

"அப்புறம் ஏன் வரலை?"

"என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டு வரதுன்னு கேட்டாங்க."

"மூஞ்சியா?" அவருக்குக் கண் நிரம்பிவிட்டது. "இருபது வருஷமாப் பாக்குற மூஞ்சிதானே அது? அதுல புதுசா என்ன இருக்கு பயப்பட?"

டேப்பைக் கழற்றி மேஜைமேல் போட்டார். கண்ணாடி முன் நின்று தலையைச் சரிசெய்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"வண்டியிலதானே வந்தே?"

"ஆமாங்க."

"எடு."

இரண்டு தெருதான். நடந்தே போயிருக்கலாம். வழியெல்லாம் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். சலவைக்கடை வாசலில் இறங்கி, நான் வருகிறேனா என்றுகூடப் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான் எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தி, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டியிருக்குமோ என்று காத்திருந்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வரவில்லை. கிளம்பி வந்துவிட்டேன்.