அண்ணன் தலைக்குள் காவல்காரர்கள்

மார்ச் 4, செவ்வாய்

அண்ணனை மெடெயின் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தாயிற்று. மறதி நோய்க்கான புது மருந்தை நான்காவது முறையாக ஏற்றினார்கள். கையில் ஊசியோடு நர்ஸிடம், "ஏம்மா, இதுல கொஞ்சம் சாராயம் கலந்தா சீக்கிரம் வேலை செய்யும்ல?" என்று கேட்டான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவனுக்கு நாற்பத்தைந்து வயது. மாட்டின் பெயர் மறக்கிறது, அடுப்பில் வைத்த பால் மறக்கிறது. இப்போதைக்கு அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் நாற்பதைத் தாண்டினால் பாதிப் பேருக்கு இது வரும். நகரத்தில் அல்சைமர் என்பார்கள். இங்கே எங்கள் யாருமால் மலையூரில் பொபேரா, அதாவது மடத்தனம். எனக்கு முப்பத்தொன்பது. நான் எந்தப் பாதி என்று தெரியாது.

இந்த மருந்தாவது என் அண்ணன் ஆர்னோபியோவைக் காப்பாற்றட்டும்.

மார்ச் 8

தலைவலி என்று இரண்டு நாளாக முனகினான். இன்று சோளரொட்டி ஆறிப்போயிற்று என்று தட்டோடு அண்ணி முகத்தில் விட்டெறிந்தான். எடில்மா அண்ணிக்குப் புருவம் கிழிந்து ரத்தம். கல்யாணமான நாளிலிருந்து அவள் மேல் ஒரு விரல் பட்டதில்லை.

"டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணலாம் ரோசால்பா. தலைவலின்னா உடனே சொல்லச் சொன்னாங்கல்ல?"

"உங்களுக்கு என்ன தெரியும் அண்ணி? நீங்க வெளியில இருந்து வந்தவங்க. அப்பா, சித்தப்பா, அத்தை, எத்தனை பேரைப் பாத்திருக்கேன். பொபேரா முத்தினா கைய நீட்டுவாங்க. நோய் முத்திருச்சுன்னு சொன்னீங்கன்னா மருந்தை நிறுத்திருவாங்க. வாய மூடிட்டு இருங்க."

அண்ணி போனைக் கீழே வைத்தாள்.

மார்ச் 9

மருந்து தோற்றுவிட்டது. பாழாய்ப்போன மருந்து.

மார்ச் 11, செவ்வாய்

காலைக் கறவையின்போது கன்று முட்டியது. அரிவாளை எடுத்து அதன் கழுத்தில் இறக்கினான். ஒரு வெட்டில் சாகவில்லை. வெட்டினான், வெட்டினான். தாய்ப்பசு கயிற்றை அறுத்துக்கொண்டு அலறியது. வாளிப் பாலெல்லாம் சிவப்பு.

"எல்லாரும் சேர்ந்து என்னைக் கொல்லப் பாக்குறீங்க! தெரியும்டி எனக்கு!" என்று என் பக்கம் திரும்பினான்.

பால் கேனைத் தூக்கி முழங்காலில் அடித்தேன். விழுந்தான். மேலே ஏறி உட்கார்ந்து, உதைக்கிற மாட்டைக் கட்டுவது போல அவன் கைகாலைக் கயிற்றால் கட்டினேன். என் மணிக்கட்டைக் கடித்தான். அறைந்தேன். கட்டிய பிறகும் அறைந்தேன். அது எதற்கு? தெரியவில்லை.

அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். எங்கள் வீடுகளில் இப்படித்தான். அப்பாவையும் இதே அறையில்தான் வைத்தோம். அண்ணி போனை எடுத்தாள். பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் எறிந்தேன்.

மார்ச் 12

கதவைத் தலையால் இடிக்கிறான். செத்துத் தொலைய மாட்டானா என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். இந்த வரியை அழிக்கப் போவதில்லை.

மார்ச் 13

இடிக்கும் சத்தம் நின்றது. அடங்கிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன், மடச்சி நான்.

அண்ணி கதவைத் திறந்து கத்தினாள். வாந்தியில் கிடந்தான். ஒரு பக்கக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது, கண் செருகியிருந்தது. கயிற்றை அவிழ்க்கப் போனேன். "தள்ளுடி! தொடாத அவரை!" என்று என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். பால் லாரியை மறித்து ஏற்றினோம்.

மார்ச் 15, மெடெயின்

டாக்டர் யமிலே மூளைப் படத்தைக் காட்டினார். வெள்ளை வெள்ளையாக வீக்கம்.

"மூளைக்குள்ளயே காவல்காரங்க மாதிரி செல்லுங்க இருக்கு. இந்த நோயில மூளையில ஒரு அழுக்கு படியும், மருந்து போய் அது மேல அடையாளம் வைக்கும். அதுங்க வந்து தின்னு சுத்தம் பண்ணும். உங்கண்ணனுக்கு ரத்தக்குழாய்லயும் அழுக்கு ஒட்டியிருந்துச்சு. அதைப் பிய்ச்சு எடுத்ததுல குழாயே கசிஞ்சு மூளை வீங்கிருச்சு."

ஊரைச் சுத்தம் செய்கிறோம் என்று துப்பாக்கியோடு வந்து ஊர்க்காரர்களையே சுட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

"உங்கப்பா எப்ப அடிக்க ஆரம்பிச்சாரு?"

"நோய் வந்து ஏழாவது வருஷம்."

"அண்ணன்?"

"தலைவலி வந்த ரெண்டாம் நாள்." சொல்லும்போதே என் காதில் விழுந்தது: ஏழு வருஷம் எங்கே, இரண்டு நாள் எங்கே.

"அப்பவே வந்திருந்தா மருந்தை நிறுத்தி வீக்கத்தை வத்த வெச்சிருப்போம். பிறகு மறுபடி ஏத்தியிருக்கலாம். இப்ப ரத்தம் கட்டியிருக்கு. இனிமே அவருக்கு இந்த மருந்து கிடையாது."

"மருந்து... வேலை செஞ்சுதா?"

"அழுக்கு பாதிக்கு மேல போயிருச்சும்மா."

வெளியே வந்து சுவரில் குத்தினேன். விரல் முட்டி பிளந்தது. போதவில்லை.

ஏப்ரல் 6

வீட்டுக்கு வந்துவிட்டான். இடது காலை இழுத்து நடக்கிறான். வீக்கத்தோடு வெறியும் போய்விட்டது. பழைய ஆர்னோபியோ, பழைய கேலி. காலையில் தின்றது மத்தியானம் நினைவில்லை. ஆனால் இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "ரோசால்பா, என்னை ஏன் கட்டிப்போட்ட?"

இதை மட்டும் மறக்கக் கூடாதா, பாவி?

மே 20

டாக்டர் யமிலே போன் செய்தார். இன்னும் நோயின் அறிகுறி தெரியாத உறவினர்களுக்கும் அதே மருந்தை ஏற்றிப் பார்க்கிறார்களாம். யோசித்துச் சொல் என்றார். வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய்ச் சாணியை வாரினேன்.

அண்ணி இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சரி என்று சொல்லிவிட்டேன், இன்று மெடெயினில் எனக்கும் ஊசி குத்தினார்கள். உள்ளே போவது மருந்தா, வெறும் உப்புத் தண்ணீரா என்று சொல்ல மாட்டார்கள். நோய் வரப்போகிறவர்களுக்கு மட்டும்தான் மருந்து; மருந்து என்று சொன்னால் நான் எந்தப் பாதி என்று தெரிந்துபோகும்.

எனக்குத் துணையாக ஒருவர் பெயர் கேட்டார்கள். தலைவலி, கோபம், தடுமாற்றம் எது வந்தாலும் உடனே போன் செய்கிற ஆள். நான் யாரைச் சொல்ல? பின்னாலிருந்து அண்ணி சொன்னாள், "எடில்மான்னு எழுதுங்க." பிறகு என்னைப் பார்த்து, "நான் உன்னைக் கட்டிப்போட மாட்டேன்" என்றாள். இந்த மூன்று மாதத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அழுதேன். அவள் அழவில்லை.

அண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "தலை வலிக்குதா?" என்று கேட்டான். இல்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் கேட்டதை மறந்து மறுபடி கேட்டான். மருந்து இறங்கி முடிகிற வரை கேட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேட்பது போல, "இல்லண்ணா" என்றேன்.