மேஜரின் இரண்டு வரிகள்

மார்ச் 12, வியாழன். வெள்ளவத்தை.

நாட்டின் தலைவருக்கு இராணுவ அனுபவம் தேவையில்லை என்று போன மாதம் எழுதிக் கொடுத்தேன். எங்கள் பத்திரிகை ஆசிரியர் அதைப் போடவில்லை. இன்று ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் அதையே சிங்களத்தில் எழுதியிருக்கிறார். அதைத் தமிழில் மொழிபெயர்க்க ஆசிரியர் என்னிடமே தந்தார்.

"நீங்கள் சொன்னா அபிப்பிராயம், அண்ணை. அவர் சொன்னா அனுபவம்."

தேவையில்லை என்று சொல்லவும் சீருடை போட்டிருக்க வேண்டும் போலிருக்கிறது.

கட்டுரை சுமார்தான், இரண்டு வரிகளைத் தவிர: "இருபது வருடம் எனக்குக் கீழே இருந்த ஒருவனும் என்னிடம் முடியாது என்று சொன்னதில்லை. அப்படிப் பழகியவனிடம் நாட்டைக் கொடுக்காதீர்கள்."

எனக்குக் கீழே யாரும் இருந்ததில்லை. அந்த வரிகள் எனக்கு வந்திருக்காது. அதுதான் பொறுக்கவில்லை. அந்த இரண்டையும் 'இராணுவ அனுபவம் மட்டும் போதாது' என்று சப்பென்று மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

முப்பது வருட மொழிபெயர்ப்பில் ஒருவர் சொன்னதை நான் மாற்றியதில்லை. ஏழு மணிக்கு, பக்கம் அமைக்கும் ரமணிக்குப் போன் எடுத்து, வரிகளை உள்ளபடி சொன்னேன்.

எழுதிக்கொண்டே சிரித்தாள். "சும்மா சொல்லாதேங்கோ அண்ணை, இது மேஜர் எழுதினதே? உங்கட கை மாதிரியெல்லோ கிடக்கு!"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இல்லைப் பிள்ளை, மேஜர்தான்."

"அப்ப கட்டம் கட்டிப் போடுறன்," என்றாள். நாளைக்கு அவருடைய படத்துடன் வரும்.