மருந்துக்குக் கேட்காத கிருமி

கிண்ணியா
2024.06.03

அன்பான டொக்டர் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் துஆச் செய்கிறேன். போனில் கதைத்தால் வீடு முழுக்கக் கேட்கும். அதனால் எழுதி, நகரத்துத் துணிக்கடைக்கு வேலைக்கு வரும் மகள் ஹுஸ்னியாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வருடம் வள்ளத்து எஞ்சின் என் வீட்டுக்காரரின் காலைக் கிழித்து எலும்பையும் முறித்து, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குள் மருந்துக்குக் கேட்காத கிருமி ஏறியபோது, எந்த மருந்து பிடிக்கும் என்று தேடித் தந்தது நீங்கள். அதை மறக்கவில்லை. புண் ஆறிய பிறகும் கிருமி வயிற்றில் தங்கியிருக்கிறதா என்று பார்க்க மலம் கேட்டு வருகிறீர்கள். அதையும் மறுக்கவில்லை. ஆனால் போன கிழமை உங்கள் ஆட்கள் இரண்டு பேர் முகத்தை மூடி, கையுறை போட்டு வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு ரபீக்கா, "இந்த வூட்டுல என்ன வருத்தம்?" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கேட்டாள். ஹுஸ்னியாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீடு வரை கதை போய்விட்டது.

இனி ஆள் அனுப்பாதீர்கள். காலில் வைத்த தகட்டை எடுக்க வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கே கிருமிக் கதையைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இவரை ஒரு மூலையில் தள்ளிவிடுவார்கள்.

இப்படிக்கு,
நபீஸா

பாலையூற்று
2024.06.07

அன்புள்ள நபீஸா அக்கா,

ஆட்கள் அப்படி வந்தது பிழை. வீட்டு வாசலில் அந்தக் கோலம் தேவையே இல்லை. ஏசிவிட்டேன்.

ஸெய்னுதீன் அண்ணன் வயிற்றில் இருக்கும் கிருமி சுகமாக இருப்பவர்களை ஒன்றும் செய்யாது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், போதும். ஒன்றாகச் சமைக்கலாம், ஒன்றாகச் சாப்பிடலாம். ஆஸ்பத்திரி வேறு. அங்கே திறந்த புண்ணும் உடம்பில் குழாயுமாகக் கிடப்பவர்கள். கிருமி ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு எப்படிப் போகிறது என்பதுதான் என் ஆய்வு. பெரும்பாலும் எங்கள் கைகளில்தான் போகிறது. யாரிடம் இருக்கிறதென்று தெரியாமல் போனதால் இந்த வருடம் இரண்டு பேரைக் காப்பாற்ற ஏலாமல் போயிற்று. ஒருத்தி பிள்ளை பெற வந்தவள்.

அண்ணனுக்கும் ஆபத்துதான். சத்திரசிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் போடும் மருந்து அவருக்கு வேலை செய்யாமல் போகலாம்.

உங்கள் சம்மதமில்லாமல் நான் வெளியே ஒன்றும் சொல்லக்கூடாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும், அக்கா.

அன்புடன்,
கௌசிகா

கிண்ணியா
2024.06.12

டொக்டர் தங்கச்சிக்கு,

இவருக்கு வாசித்துக் காட்டினேன். "சொல்லுவம்" என்கிறார். அவருக்கென்ன, ஊர்க் கதையைக் கேட்பது நான்.

ஒன்றாகச் சாப்பிடலாம் என்று எழுதுவது லேசு. எங்கள் வீட்டுக்கு எத்தனை தரம் வந்திருப்பீர்கள்? தேத்தண்ணி நீட்டினால், "இப்பதான் குடிச்சனான்" என்பீர்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சகனில் சோறு. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கைவைப்போம். அதில் வந்து உட்காருங்கள். ஆஸ்பத்திரியில் சொல்வதா இல்லையா என்று பிறகு பார்ப்போம்.

நபீஸா

பாலையூற்று
2024.06.23

அன்புள்ள நபீஸா அக்கா,

சோறு நல்ல ருசி. மாப்பிள்ளையின் உம்மா, "டொக்டர், பயமில்லையா?" என்று கேட்டபோது என் வாய் நிறையச் சோறு. "எல்லாரும் கை கழுவினனாங்கள்தானே, பிறகென்ன பயம்?" என்றேன். அதற்குப் பிறகுதான் ரபீக்கா கோழித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் தேத்தண்ணியை மறுத்தது கிருமிக்குப் பயந்து இல்லை. ஆய்வில் சேர்ந்தவர் வீட்டில் கை நனைக்கக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. அதை மீறியதை மேலிடத்தில் நானே சொன்னேன். இனி அண்ணனை டொக்டர் சுலோஜனா பார்ப்பார். நான் அந்த வேலையாக உங்கள் வீட்டுக்கு வரமுடியாது.

தகடு எடுக்கப் போகும்போது அங்கே கிருமியைப் பற்றிச் சொல்லுங்கள் அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்புடன்,
கௌசிகா

கிண்ணியா
2024.07.19

அன்பான கௌசிகாவுக்கு,

சொன்னேன். நேர்ஸின் முகம் சுருங்கியது. எங்களை நெடுநேரம் வாங்கில் இருத்திவிட்டார்கள். பிறகு பெரிய டொக்டர் வந்து, "நல்ல காலம் சொன்னீங்கள்" என்று மருந்தை மாற்றி, தனி அறையும் தந்தார். இவருக்கு முதலில் ஒதுக்கிய கட்டிலுக்குப் பக்கத்தில் வயிறு வெட்டித் தைத்த தம்பலகாமத்து ஆள் ஒருவர் கிடந்தார். நான் வாயை மூடியிருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் நடந்து வீட்டுக்குப் போனதையும் கண்ணால் கண்டேன். இவரின் தகட்டையும் எடுத்தாயிற்று. புண் காய்ந்துவிட்டது.

ஆனால் மாப்பிள்ளையின் சொந்தக்காரர் ஒருவர் அங்கே வந்து, அறைக் கதவில் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் பார்த்திருக்கிறார். இந்தக் கலியாணம் சரிவராது என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பிவிட்டார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்தான். ஹுஸ்னியா சரியாகச் சாப்பிடுவதில்லை. "ஆஸ்பத்திரில நீங்க சொன்னது சரிதான் உம்மா" என்றாள்.

உங்களோடு கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கொஞ்சம் இருக்கிறது. அது ஆறும்வரை கடிதம் போட மாட்டேன், நீங்களும் போட வேண்டாம். ஆறினதும் பாலையூற்றுக்கு நானே வருவேன். அன்றைக்கு எனக்குச் சோறு போடுங்கள்.

நபீஸா அக்கா