மெத்தை வேண்டாம், அண்ணி

ஆம்பூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள ஜெனிஃபா அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். சாரா எழுதுகிறேன். குழந்தை நன்றாக இருக்கிறான், பால் குடிக்கிறான். உங்கள் தம்பிக்கு ஷூ கம்பெனியில் ஆர்டர் ஜாஸ்தி, ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறார்கள். ஞானஸ்நானத்துக்காக இந்த ஞாயிறு மட்டும் லீவு கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு முதுகு வலி தேவலையா? ரயில்வே ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா?

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் அழுதால் நானும் அழுது, சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமி அண்ணன் ஜோலார்பேட்டைக்கு டூட்டிக்குப் போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று நீங்கள் பேசியதை உங்கள் தம்பி சொன்னார். எலியாஸுக்கு நீங்களே மெத்தை தைத்துவிட்டீர்களாம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறீர்களாம். என் மூத்தவள் அக்சாவுக்குத் தைத்ததைவிட இரண்டு மடங்கு மெத்தென்று இருக்கிறதாம். அவர் "சரிக்கா" என்று போனை வைத்துவிட்டார். அப்புறம் சமையலறை வாசலில் வந்து நின்று, "வாங்கி வெச்சிக்கலாம் சாரா. வாணான்னா அக்கா மனசு ஒடஞ்சிடும்" என்றார். 

அண்ணி, அந்த மெத்தையில் என் பிள்ளையைப் படுக்கவைக்க மாட்டேன்.

அத்தை கொடுப்பதுதான் முறை, எனக்குத் தெரியும். கம்பெனியில் ஷூ தைத்துப் பழகிய கை உங்களுடையது. செருப்புக்கு உள்ளே வைக்கும் ஃபோமை அடுக்கி, சுற்றிலும் தலை இடிக்காமல் இருக்கக் குட்டித் தலையணைகள் வைத்து, அக்சாவுக்கு நீங்கள் தைத்துக் கொண்டுவந்த அன்று தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. இந்த ஊரில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம்தானே. தோலைக் கட்டைவிரலால் அமுக்குவார்கள். மிருதுவாக இருந்தால் நல்ல சரக்கு, விறைப்பாக இருந்தால் ஓரமாகப் போடு. நானும் மெத்தையை அமுக்கிப் பார்த்தேன். விரல் உள்ளே புதைந்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

அக்சா நம்மை விட்டுப் போன அன்று காலையில் நான் போய்ப் பார்த்தபோது அவள் குப்புறக் கிடந்தாள். முகம் மெத்தைக்குள் இருந்தது. இதற்கு மேல் எழுத முடியவில்லை. அந்த மெத்தையை யார் எங்கே எடுத்துப்போனார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. எலியாஸ் பிறந்து வீட்டுக்குக் கிளம்பும்போது அதே டாக்டரம்மா, கெட்டியான மெத்தை போடு, தலையணை வேண்டாம், பொம்மை வேண்டாம், சுற்றிலும் எதுவுமே வேண்டாம், மல்லாக்கப் படுக்கவை என்றார். சொல்ல முடியாது என்றால் இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும்? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னைத் தின்கிறது.

மக்பூல் அகமது பாய் கடைக்குப் போய், இருப்பதிலேயே கெட்டியானதைக் கேட்டேன். "கொழந்தைக்காம்மா? பலகை மாதிரி இருக்குதே, சாஃப்ட்டா வேற காட்டறேன்" என்று மனுஷர் இறக்கிக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொன்றிலும் கையை ஊன்றி எடுத்து, பள்ளம் விழுகிறதா என்று பார்த்தேன். கடைசியில் அந்தப் பலகையையே வாங்கிவந்தேன். கட்டிலில் நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்கிறது. அதிலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். மூச்சு படுகிறது. விரலை எடுத்ததும் மறுபடியும் பயம் வந்துவிடுகிறது. ஜெபம் பண்ணக்கூட என்னால் கண்ணை மூட முடியவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். இருக்கிறது அண்ணி. ஆசை ஆசையாகத்தான் தைத்தீர்கள் என்று தெரிந்தும் இருக்கிறது. நீங்கள் மறுபடியும் தைத்திருக்கிறீர்கள் என்றால், உங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம். உங்கள் தம்பி சாகும்வரை சொல்லமாட்டார். வேறு வழியில்லாமல் நான் சொல்கிறேன். இதைப் படித்த பிறகு உங்களுக்குத் தூக்கம் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். கையை வீசிக்கொண்டு வாருங்கள். கோயிலில் அவனை நீங்கள்தான் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டிலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவன் தூங்கிப்போனால் மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக. என்னையும்.

உங்கள் தம்பி மனைவி,
சாரா