ஒரு சாக்கெட்டா, இரண்டு சாக்கெட்டா

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை, நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் நலம்தானே? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே, பேசினால் உன் அப்பா முதுகுக்குப் பின்னால் நிற்கிறார், மெசேஜ் அனுப்பினால் அவர் வைத்திருக்கும் இன்டர்நெட் பெட்டி படித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

முப்பது வருஷம் டெலிபோன் கம்பம் ஏறியவர், ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டுக்குள் ஒயர் இழுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டு இன்டர்நெட்டை எல்லா போனுக்கும் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டராக வைக்க, சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, நீயே எல்லாம் போட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டாராமே, அதில் ஒயர் செருகும் சாக்கெட் இரண்டு உள்ளதை மட்டும் வாங்கிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். இப்போதிருப்பதில் ஒரே சாக்கெட், அது பாட்டுக்கு ஓரமாகக் கிடந்து அவர் போனை மட்டும் கவனிக்கிறது. இரண்டு இருந்தால் ஒன்றில் தெருவிலிருந்து வரும் ஒயர், மற்றதில் வீடு, எந்த போன் எப்போது எங்கே பேசினாலும் தன் திரையில் தெரியும் என்று குதிக்கிறார். வியாழக்கிழமை அவர் காய்கறி வாங்கப் போகும் அரைமணி நேரத்தில்தானடி நான் போனில் உன் தம்பி முகத்தைப் பார்க்கிறேன்! இவர் பிடித்துத் தந்த வேலையை அவன் உதறிவிட்டுப் போனதிலிருந்து இரண்டு வருஷமாக அவன் பேரையே எடுக்கக் கூடாது என்கிறார், தெரிந்தால் வீட்டை இரண்டாக்கிவிடுவார். வாசற்படி இறங்கவே எனக்கு ஆள் வேண்டும், இந்த போனையும் பூட்டிவிட்டால் நான் எங்கே போவேன்?

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை மேசையைத் துடைக்கும்போது அவருடைய நோட்டு திறந்து கிடந்தது. புதுப் பெட்டியில் யார் போனுக்கு, எந்தச் சாமானுக்கு எந்த நம்பர் என்று எழுதியிருக்கிறார், ஒன்று பெட்டிக்கு, இரண்டு அவருக்கு, மூன்று எனக்கு, நான்கு டிவிக்கு, ஐந்து நீ வந்தால் உனக்கு. ஆறுக்கு நேராகச் சின்னவன் என்று எழுதி, அடித்து, பக்கத்திலேயே மறுபடியும் எழுதியிருக்கிறார். பாவி மனுஷன்! அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பார்த்தேன் என்று சொன்னால் அந்தத் தாளையே கிழித்துப் போடுவார், சொல்லாவிட்டால் வியாழக்கிழமைதோறும் நான் திருட்டுத்தனமாகத்தான் பேச வேண்டும், இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டேன். நீயும் வாயைத் திறக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, குட்டிப்பயலைத் திட்டாதே, ஒரு குறையும் இல்லாமல் நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். இரண்டு சாக்கெட் உள்ளதையே வாங்கு, அதில்தானே அவனுக்கும் ஒரு இடம் வைத்திருக்கிறார். பயம் போய்விடவில்லை, இருந்தாலும் வாங்கு. நம்பர் போடும்போது ஆறை மட்டும் வேறு எதற்கும் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா