பன்னிரண்டாம் பக்கத்து முகம்

என் கௌரி அக்காவுக்கு,

இந்த வருடமும் ஒன்பது கண்கள் வந்துவிட்டன. தாடையில்லாத அந்த மீனுக்கு நார்வேக்காரர்கள் வைத்த 'ஒன்பது கண்' என்ற பெயரைக் கேட்டு முதல் நாள் நான் சிரித்தேன், நினைவிருக்கிறதா? "சிரிக்காதையும் தம்பி. எங்கடை தலையின்ரை பழைய கதை அதுக்குள்ளைதான் கிடக்கு" என்றீர்கள். சென்னைக்காரனான எனக்கு, நீங்கள் என்னை 'நீர்' என்று அழைத்தது அரச நாடகம் போலிருந்தது. அதற்கும் சிரித்தேன்.

ஓஸ்லோவில் இருபது வருடம் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான்: தலை எப்படித் தலையாகிறது? கருவின் முதுகோரத்திலிருந்து கிளம்பும் செல்கள் நடந்து போய் முகமாகின்றன. இந்த மீனில் ஒரு சிறு கூட்டம் மட்டும் தாமதமாகக் கிளம்பி மேலுதட்டில் போய் நிற்பதைக் கண்டீர்கள். நம்மைப் போலத் தாடை உள்ளவற்றில் தாடை தொடங்கும் இடம் அது. எழுதி முடித்த கட்டுரையை அனுப்புமுன், இன்னொரு கை செய்து பார்க்கட்டும் என்று என்னிடம் தந்தீர்கள்.

நான் கோழிமுட்டையில் வேலை கற்றவன். முட்டையை அடைகாக்கும் பெட்டியில் வைத்தால் மணிக்கணக்குதான் எல்லாம். நீங்கள் நேரத்தை ஒப்புக்குக் குறித்துவிட்டு, ஒவ்வொரு கருவின் தலையையும் பென்சிலால் வரைந்து வைப்பீர்கள். "மணிக்கூட்டைப் பாக்காதையும், முகத்தைப் பாரும்" என்று எத்தனை தடவை சொன்னீர்கள்! நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் கருக்களின் வயதைக் கேட்டு வாங்கி, அதே மணிக்கு என்னுடையவற்றை எடுத்துப் பார்த்தேன். உதட்டில் செல்கள் இல்லை.

நீங்கள் சண்டை பிடித்திருக்கலாம். "நீர் காணேல்லையெண்டால் அது இல்லையெண்டுதான் எடுக்கவேணும்" என்று கட்டுரையை இழுப்பறைக்குள் வைத்துவிட்டீர்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

தை மாதம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. புருசெத்தில் உள்ள உங்கள் வீட்டில் எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் உங்கள் கணவர் ரஞ்சன் அண்ணன், நீங்கள் தலைகளை வரைந்து வைத்த படக் கொப்பியை என்னிடம் தந்தார். என் பழைய படங்கள் இருந்த சிடியை எடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கருக்களின் முகம் உங்கள் ஏழாம் பக்கத்து முகம். நீங்கள் செல்களைக் கண்டது பன்னிரண்டாம் பக்கத்தில்.

என் பெட்டியில் வேறொருவரின் கொட் என்ற குளிர்கடல் மீனின் முட்டைகளும் இருந்தன. அவற்றுக்காகக் குளிரைக் கூட்டி வைத்திருந்தோம். குளிரில் கரு மெதுவாகத்தான் வளரும். மணி சரியாக இருந்தது. பிள்ளைகள்தான் இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

இந்த ஜூனில் மறுபடி செய்தேன். உங்கள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, பன்னிரண்டாம் பக்கத்து முகம் வரும்வரை காத்திருந்தேன். மேலுதட்டில் நீங்கள் வரைந்த இடத்திலேயே அந்தச் செல்கள் நின்றன, அக்கா. நுண்ணோக்கியை விட்டு எழும்ப முடியாமல் அழுதேன்.

ரஞ்சன் அண்ணனிடம் நேரில் போய்ச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தேநீரைத் தந்துவிட்டு, "அவ உம்மிலை கோவிக்கேல்லை. தனக்குத்தான் கண் மங்கிப்போச்செண்டு நினைச்சவ. அதுக்குத்தான் கண்ணாடி மாத்தினவ" என்றார்.

அந்தப் புதுக் கண்ணாடியோடு நீங்கள் வந்த அன்று, வயது பத்துக் குறைந்துவிட்டது என்று கேலி செய்தவன் நான்.

கட்டுரை போகும். முதல் பெயர் உங்களுடையது. நான் எங்கே தவறினேன் என்பதையும் மறைக்காமல் அதிலேயே எழுதுவேன். பன்னிரண்டாம் பக்கத்துப் படம் பென்சில் கோடுகளோடு அப்படியே அச்சாகும், இது சத்தியம்.

உங்கள் கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை, அக்கா.

முகம் பார்க்க இப்போதுதான் பழகும் உங்கள் தம்பி,
செந்தில்